தபாலில் வந்த கேள்வி: ஒரே பாலினத் திருமண வாக்கெடுப்பும் சிட்னியில் நம் சபைகளும்

18 செப்டம்பர் 2017

பிளாக்டவுனில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்:

“அண்ணே, நேற்று ஆராதனை முடிந்ததும் எங்கள் பாஸ்டர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். ‘இல்லை’ கட்டத்தில் டிக் போட்ட மாதிரிப் படம். விசுவாசி என்றால் இதைத்தான் செய்ய வேண்டும், இதில் மறுபேச்சே இல்லை என்றார். நான் எதில் டிக் போடுவது என்று உங்களிடம் கேட்கவில்லை. இப்படிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டா?”

உண்டு தம்பி. பிரசங்கபீடத்தில் அரசியல் பேசக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் மார்ட்டின் லூதர் கிங்கையும் சேர்த்து வாயை மூடச் சொல்ல வேண்டி வரும். “என் மனசாட்சிப்படி இல்லை என்று போடுகிறேன், காரணம் இதுதான்” என்று அவர் சொல்லியிருந்தால் கேட்டுக்கொண்டு வந்திருக்கலாம். “இப்படிப் போடாதவன் விசுவாசி இல்லை” என்று சொல்லும்போதுதான் எனக்கு இடிக்கிறது. ஆஸ்திரேலிய அரசு தபாலில் அனுப்பியிருக்கும் வாக்கெடுப்புத் தாளில் கேட்டிருப்பது ஒரே பாலினத்தவர் திருமணம் செய்துகொள்ள நாட்டின் சட்டத்தை மாற்றலாமா என்பது. வேதாகமம் என்ன சொல்கிறது என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான் இருக்க வேண்டும் என்பது கட்டாயமா? அதைத்தான் பேச வேண்டும். சமையல் மேசையில் என் உறை இன்னும் பிரிக்காமல் கிடக்கிறது, பார்ப்போம்.

19 செப்டம்பர் 2017

நேற்றைய பதிலுக்குக் கீழே பலர் அடிப்படையே தெரியாமல் சண்டை போடுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1961ஆம் ஆண்டின் திருமணச் சட்டத்தில் திருமணம் என்றால் என்ன என்ற வரையறையே கிடையாது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் என்ற வரி 2004இல் பிரதமர் ஜான் ஹாவர்ட் ஆட்சியில், லேபர் கட்சியின் ஆதரவோடு சேர்க்கப்பட்டது. அன்று நம்மிடம் யாரும் தபாலில் கேட்கவில்லை. 2013 டிசம்பரில் உயர் நீதிமன்றம், ஒரே பாலினத் திருமணத்தை அனுமதித்த கான்பெரா பிரதேசத்தின் சட்டத்தை ரத்து செய்தது. அதே தீர்ப்பில், நாடாளுமன்றம் நினைத்தால் ஒரே பாலினத் திருமணத்துக்கு வழி செய்யலாம் என்றும் சொல்லிவிட்டது. ஆக இந்த வாக்கெடுப்பு சட்டப்படி தேவையே இல்லை. அயர்லாந்தில் 2015இல் நடந்தது வேறு. அங்கே அரசியலமைப்பைத் திருத்த வேண்டியிருந்தது, அதற்கு மக்களிடம் போயே ஆக வேண்டும்.

இங்கே ஆளும் கட்சிக்குள் இரண்டு பக்கமும் அடிதடி. பிரதமர் டர்ன்புல் அரசு கட்டாய வாக்கெடுப்பு ஒன்றைக் கொண்டுவரப் பார்த்தது, செனட் ஏற்கவில்லை. அதனால் தேர்தல் ஆணையத்தை விட்டுவிட்டு, மக்கள்தொகைக் கணக்கு எடுக்கும் புள்ளியியல் பணியகத்திடம் கொடுத்து, “இது தேர்தல் இல்லை, கருத்துக் கணக்கெடுப்பு” என்று பெயர் வைத்துவிட்டார்கள். 122 மில்லியன் டாலர் ஒதுக்கீடு. அது செல்லாது என்று போட்ட வழக்கும் செப்டம்பர் 7ஆம் தேதி தள்ளுபடியாகிவிட்டது. நவம்பர் 7க்குள் தாள் போய்ச் சேர வேண்டும்.

போடாவிட்டால் அபராதமா என்று ஒரு மாமா கேட்டிருக்கிறார். இல்லை மாமா. இந்த நாட்டில் ஓட்டுப் போடாமல் இருந்தும் இருபது டாலர் மிச்சம் பிடிக்கும் ஒரே வாய்ப்பு இது.

இன்னொரு விஷயம், உறைக்குள் ஜிகினாத் தூள் போட்டு அனுப்ப வேண்டாம் என்று பணியகம் கேட்டுக்கொண்டிருக்கிறது. எந்தப் பக்கத்துக்காரருக்கு அந்த யோசனை வந்திருக்கும் என்று ஊகிக்க ஞான திருஷ்டி தேவையில்லை.

24 செப்டம்பர் 2017

“சட்டத்தை விடுங்கள், வசனத்துக்கு வாருங்கள்” என்று நாலைந்து பேர் விடாமல் கேட்கிறார்கள். வருகிறேன்.

லேவியராகமம் 18, ரோமர் 1, 1 கொரிந்தியர் 6: ஒரே பாலின உறவைக் கண்டிக்கும் இந்த மூன்றும் எல்லாருக்கும் மனப்பாடம். இவற்றை இல்லாததாக்க எனக்கு விருப்பமில்லை. ஆதியாகமம் 2இல் தொடங்கி மத்தேயு 19 வரை, திருமணம் என்றால் ஆணும் பெண்ணும் என்ற ஓட்டம் தெளிவாகவே இருக்கிறது என்றுதான் நான் படித்து வளர்ந்தேன், இன்றும் அப்படித்தான் வாசிக்கிறேன். பவுல் கண்டித்தது அன்றைய ரோமில் அடிமைகளிடமும் சிறுவர்களிடமும் நடந்த சுரண்டலைத்தான், இருவர் உண்மையாகச் சேர்ந்து வாழ்வது அவர் கண்ணில் பட்டதே இல்லை என்று வாதாடும் வேத பண்டிதர்கள் இருக்கிறார்கள். படித்துப் பார்த்தேன். பாதி தூரம் அவர்களோடு போக முடிந்தது, முழுக்கப் போக முடியவில்லை. சோதோமை இழுக்கிறவர்கள் மட்டும் தயவு செய்து எசேக்கியேல் 16:49ஐ ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். சோதோமின் அக்கிரமம் என்று அங்கே எழுதியிருப்பது கர்வமும், நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏழையைக் கைவிட்டதும். நம் அசன விருந்துக்குப் பிறகு வாசிக்க வேண்டிய பகுதி.

ஆனால் என் கேள்வி இது. விவாகரத்துக்கு எதிராக இயேசு தன் வாயாலேயே, மாற்கு 10இல், நேரடியாகப் பேசியிருக்கிறார். இந்த நாட்டில் 1975இன் குடும்பச் சட்டத்துக்குப் பிறகு, ஒரு வருடம் பிரிந்திருந்தால் போதும், யார் மேல் குற்றம் என்று யாரும் கேட்பதில்லை. நம் சபைகளில் மறுமணம் செய்தவர்கள் இருக்கிறார்கள், பாடகர் குழுவில் பாடுகிறார்கள், கமிட்டியில் இருக்கிறார்கள். சந்தோஷம். அந்தச் சட்டத்தை ரத்து செய்யச் சொல்லி எந்த பாஸ்டராவது தாள் கொடுத்தாரா? சபைக்குள் ஒரு ஒழுங்கு, நாட்டுக்கு ஒரு சட்டம் என்று அந்த விஷயத்தில் நாம் எப்போதோ பிரித்துக்கொண்டோம். வெளியே இருக்கிறவர்களைத் தீர்ப்புச் செய்வது என் வேலையா என்று பவுலே கேட்கிறார், 1 கொரிந்தியர் 5இன் கடைசியில். அடுத்த அதிகாரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் ஒரு பக்கம் முன்னால் திருப்பலாம்.

26 செப்டம்பர் 2017

“நீங்கள் கத்தோலிக்கரா?” இல்லை. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), பாளையங்கோட்டை. இதைக் கேட்ட அன்பருக்கு ஒரு தகவல்: கத்தோலிக்கரிலும் ஒரே குரல் இல்லை. சிட்னி பேராயர் அந்தோனி ஃபிஷர் ‘இல்லை’ பக்கம் உறுதியாக நிற்கிறார். இயேசு சபைக் குருவும் சட்ட அறிஞருமான ஃபிராங்க் பிரென்னன் ‘ஆம்’ போடுவதாக வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். திருச்சபை நடத்தும் திருவருட்சாதனம் வேறு, அரசு பதிவு செய்யும் திருமணம் வேறு என்பது அவர் நிலை. கோஸ்ஃபர்டில் ராட் பவர் என்ற ஆங்கிலிக்கன் குரு தன் ‘ஆம்’ ஆதரவைக் கோயில் வாசல் பலகையிலேயே எழுதி வைக்கிறார்.

2 அக்டோபர் 2017

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். எழுதிவிடுகிறேன், இதுதான் எனக்கு முக்கியமானது.

2002இல் ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தபோது நான் பாளையங்கோட்டையில் இருந்தேன். வற்புறுத்தி, ஆசை காட்டி மதம் மாற்றினால் 3 ஆண்டு வரை சிறை. பட்டியல் சாதியினரையோ பெண்களையோ மாற்றினால் தண்டனை இன்னும் கூடுதல். அதாவது அவர்களுக்குச் சொந்த புத்தி குறைவு என்று சட்டமே சொல்கிற மாதிரி. யாராவது மதம் மாறினால், சடங்கை நடத்தியவர் கலெக்டருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். எங்கள் சேகரத்தில் வயதான உபதேசியார் ஒருவர் இருந்தார். சைக்கிளில் போய் கிராமத்தில் ஜெபம் நடத்துகிறவர். ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து வீட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டார். “யார் வந்து கேட்பான்னு தெரியலையே” என்றார். அவர் யாரையும் ஆசை காட்டி மாற்றியவர் இல்லை. அவரிடம் ஆசை காட்ட ஒன்றும் இருந்ததில்லை. 2004 தேர்தலில் அடி வாங்கிய பிறகு ஜெயலலிதாவே அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற்றார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அன்று தமிழ்நாடு முழுக்க வீட்டுக்கு வீடு தபால் அனுப்பி, “கிறிஸ்தவர்கள் ஞானஸ்நானம் கொடுக்கச் சட்டம் அனுமதிக்கலாமா? ஆம், இல்லை” என்று கேட்டிருந்தால்? நாம் நூற்றுக்கு ஆறு பேர். மளிகைக் கடை அண்ணாச்சியும் பஸ் கண்டக்டரும் டிக் போட்டு, எண்ணி முடிக்கும் வரை நாம் காத்திருக்க வேண்டும். நல்லவர்கள்தான், நமக்கு ஆம் போட்டிருக்கவும் கூடும். ஆனாலும் அந்த இரண்டு மாதம் தெருவில் எப்படித் தலை நிமிர்ந்து நடந்திருப்போம்?

சிறுபான்மையாகப் பிறந்து வளர்ந்தவன், இங்கே வந்து இன்னொரு சிறுபான்மையின் வாழ்க்கை மேல் டிக் போடும்போது கை கொஞ்சம் கூசத்தான் வேண்டும். எதில் டிக் போட்டாலும்.

3 அக்டோபர் 2017

நேற்று எழுதியதற்கு நல்ல அடி விழுந்திருக்கிறது. பதில் சொல்ல வேண்டியவை இரண்டு.

“ஞானஸ்நானம் மனசாட்சி, திருமணம் சமூக அமைப்பு. இரண்டும் ஒன்றா?” ஒன்று இல்லைதான். திருமணத்தைச் சமூகம் முழுக்கச் சேர்ந்து அங்கீகரிக்கிறது, அதனால் சமூகம் அதைப் பற்றிப் பேசலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேசுவதற்குத்தான் நாடாளுமன்றம் இருக்கிறது.

“அப்படியானால் ஆம் ஜெயித்தால் மட்டும் ஏற்றுக்கொள்வீர்களா?” மெல்பர்ன் அக்கா கேட்டது, கூர்மையான கேள்வி. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. முறை தவறு என்று சொல்லிவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொள்வது சௌகரியம்தான். செனட்டர் பென்னி வோங் நினைவுக்கு வருகிறார். தன்பாலின உறவில் இருப்பவர், தன்னைக் கிறிஸ்தவர் என்றும் சொல்லிக்கொள்பவர். இந்த வாக்கெடுப்பே வேண்டாம் என்று வாதாடினார். வந்த பிறகு ஆம் பக்கம் பிரசாரம் செய்கிறார். அவருக்கு வேறு என்ன வழி இருக்கிறது?

11 அக்டோபர் 2017

சிட்னி ஆங்கிலிக்கன் மறைமாவட்டம் ‘இல்லை’ பிரசாரத்துக்கு ஒரு மில்லியன் டாலர் கொடுத்திருக்கிறது. பேராயர் கிளென் டேவிஸ் மறைமாவட்ட ஆண்டுக் கூட்டத்தில் அறிவித்தார். நம் ஆட்கள் கணிசமான பேர் ஆங்கிலிக்கன் கோயில்களில்தான் இருக்கிறோம், சி.எஸ்.ஐ. பழக்கம். எனவே காபி நேரத்தில் இதே பேச்சு.

மேசையில் ஒரு அத்தை. ஊரில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் பொருளாளராக இருந்து கணக்கு எழுதியவர். அவர் போடுவது ‘இல்லை’தான், சந்தேகமே கிடையாது. ஆனால் கோபம் வந்துவிட்டது. “காணிக்கைப் பையில போட்ட காசா அது?” என்றார். காணிக்கைப் பணம் இல்லை, மறைமாவட்ட நிதியில் இருந்து என்று ஒருவர் விளக்கினார். “எந்தப் பையில இருந்து வந்தா என்ன? புருஷன்கிட்ட அடி வாங்கிட்டு வர்ற பொண்ணுக்கு ஒரு வாரம் தங்க இடம் கேட்டா பட்ஜெட் இல்லங்கிறாங்க.” யாரும் பேசவில்லை. பிஸ்கட் தட்டு மட்டும் ஒரு சுற்று வந்தது.

இந்த அத்தை எந்தப் பக்கம் என்று கட்டம் கட்டிப் பாருங்கள். முடியாது. செய்திகளில் வரும் ‘கிறிஸ்தவ வாக்கு’ என்பது இப்படிப்பட்டவர்களால் ஆனது.

12 அக்டோபர் 2017

மார்ச் மாதம் கூப்பர்ஸ் பியர் கதை மறந்துவிட்டதா? வேதாகமச் சங்கத்தின் 200ஆம் ஆண்டுக்கு கூப்பர்ஸ் கம்பெனி வசனம் அச்சடித்த கேன் போட்டது. சங்கம் ஒரு காணொளி வெளியிட்டது. இரண்டு லிபரல் எம்.பி.க்கள், ஒருவர் ஆம், ஒருவர் இல்லை, பியர் குடித்துக்கொண்டே மரியாதையாக விவாதிக்கிறார்கள். அவ்வளவுதான். பார்கள் அந்தப் பியரையே நிறுத்திவிட்டன, கம்பெனி மன்னிப்புக் கேட்டுப் பின்வாங்கியது. ‘ஆம்’ பக்கத்தில் இருக்கும் என் அலுவலக நண்பருக்கே அது அசிங்கமாகப் பட்டது. மறுபுறம் ஆகஸ்டில் பாலரட் பக்கம் பிரஸ்பிடேரியன் குரு ஒருவர், மணப்பெண் ஃபேஸ்புக்கில் ஆதரவு தெரிவித்தாள் என்பதற்காக அந்தப் பெண்ணுக்கும் அவள் கட்டிக்கொள்ளப் போகும் பையனுக்கும் கோயிலில் கல்யாணம் நடத்த மாட்டேன் என்றுவிட்டார். ஆணும் பெண்ணும் கல்யாணம் செய்வதையே தடுத்து ஆண்-பெண் திருமணத்தைக் காப்பாற்றியிருக்கிறார்.

வசனம் போட்ட கேனைக் குடித்தால் நற்கருணையாகுமா என்று கேட்டவருக்கு: ஆகாது.

23 அக்டோபர் 2017

ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். எந்த வீடு, எந்தச் சபை என்று கேட்காதீர்கள்.

பாட்டு, சாட்சி, வசனம் எல்லாம் முடிந்தது. ஜெபக் குறிப்பு கேட்கும் நேரம். ஒரு சகோதரர், “நம் பிள்ளைகள் இந்த அசுத்தத்தில் விழாதபடி ஜெபிப்போம்” என்றார். எல்லாரும் ஆமென். என் எதிரே கிட்டார் வாசிக்கும் பையன். பல்கலைக்கழகத்தில் படிக்கிறான், எனக்குக் குழந்தையில் இருந்து தெரியும். கண்ணை மூடவில்லை. கிட்டார் பட்டையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தான். அவன் யார், என்ன என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் வேலையும் எனக்கில்லை. ஒருவேளை அவனுக்குப் பசியாகக்கூட இருந்திருக்கலாம், வடை வாசனை வந்துகொண்டிருந்தது. ஆனால் ஒரு அறையில் இருபது முப்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது, நாம் பேசுவது வெளியே எங்கேயோ இருக்கும் ‘அவர்களை’ப் பற்றி மட்டும்தான் என்று எந்தத் தைரியத்தில் நினைக்கிறோம்?

நான் அங்கே ஒன்றும் சொல்லவில்லை.

30 அக்டோபர் 2017

போட்டாயிற்று. பலர் கேட்பதால் சொல்கிறேன்: ‘ஆம்’. என் சபையில் அப்படியொரு திருமணம் நடக்க வேண்டும் என்பதற்காக இல்லை. அரசாங்கம் என் ஞானஸ்நானப் பதிவேட்டுக்குள் வரக் கூடாது என்று கேட்டவன், அடுத்தவன் திருமணப் பதிவேட்டுக்கு அரசாங்கத்தைக் காவல் வைக்கக் கூடாது என்பதற்காக.

மனைவி எதற்குப் போட்டாள் என்று எனக்குத் தெரியாது. உறையை ஒட்டிவிட்டுத்தான் சமையலறையை விட்டு வெளியே வந்தாள். விசாவில் வந்திருக்கும் அம்மாவுக்கு ஓட்டு இல்லை என்பதில் பெரிய வருத்தம். “என்ன கேள்வி அது?” என்று கேட்டார்கள். விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்து, “நம்ம ஊர்லயும் ரெண்டு வாத்திச்சிமார் ஒரே வீட்டுல கடைசி வரைக்கும் இருந்தாங்கல்லா, யாரும் ஒண்ணும் கேக்கலையே” என்றார்கள். எந்த வாத்திச்சிமார் என்று நான் கேட்கவில்லை. அவர்கள் வெறும் தோழிகளாகவும் இருந்திருக்கலாம்.

15 நவம்பர் 2017

காலை பத்து மணிக்கு முடிவு. ஆம் 61.6%, இல்லை 38.4%. கட்டாயமில்லாத வாக்கெடுப்பில் 79.5% பேர் பதில் அனுப்பியிருக்கிறார்கள். எல்லா மாநிலத்திலும் ஆம்தான்.

என் தொகுதி பாரமட்டா. அங்கே ‘இல்லை’ 61.6%. நாட்டின் எண்ணை அப்படியே தலைகீழாகப் பிடித்த மாதிரி, ஒரு புள்ளி பிசகவில்லை. ரயிலில் ஹார்பர் பாலம் தாண்டிப் போகும்போது வேறு நாட்டுக்குப் போகிறேன் என்று நினைப்பேன், இன்று கணக்கோடு தெரிகிறது.

20 நவம்பர் 2017

‘இல்லை’ ஜெயித்தது 150 தொகுதிகளில் 17. அதில் 12 மேற்கு சிட்னிப் பக்கம். பிளாக்ஸ்லாண்டில் 73.9%. உடனே எல்லாப் பத்திரிகையும் “குடியேறிகள்தான் தடுத்தார்கள்” என்று எழுதுகின்றன. என் அலுவலகத்திலும் ஒருவர் சிரித்துக்கொண்டே, “உங்கள் ஏரியா நம்மைக் கவிழ்க்கப் பார்த்ததே” என்றார்.

இரண்டு கோபம் எனக்கு. முதலாவது அவர் மேல். குவின்ஸ்லாந்தில் மரனோவாவும் குரூமும் கென்னடியும் கூட இல்லை என்றுதான் போட்டன. அங்கே குடியேறிகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், மாட்டுப் பண்ணைகள்தான் அதிகம். அவர்களை யாரும் “திருந்தாதவர்கள்” என்று எழுதவில்லை, “பாரம்பரியவாதிகள்” என்று எழுதினார்கள். பாரமட்டாவிலும் நூற்றுக்கு முப்பத்தெட்டு பேர் ஆம் போட்டிருக்கிறோம்.

இரண்டாவது நம் ஆட்கள் மேல். ‘ஆம்’ பக்கம் நம்மிடம் பேசவே வரவில்லை என்பது உண்மை. ‘இல்லை’ பக்கம் கதவு கதவாக வந்தது. ஆனால் வந்தவர்கள் பேசியது பள்ளிக்கூடத்தைப் பற்றி. தொலைக்காட்சி விளம்பரத்தில் ஒரு தாய், தன் மகன் கவுன் அணியலாம் என்று பள்ளியில் சொன்னதாகச் சொன்னார். அப்படி நடக்கவே இல்லை என்று அந்தப் பள்ளி முதல்வர் மறுத்தார். மறுப்பு எத்தனை வாட்ஸாப் குழுவுக்கு வந்தது? எங்கள் குழுவுக்கு வரவில்லை. நானே போட்டேன், அட்மின் எடுத்துவிட்டார்.

8 டிசம்பர் 2017

ஒரே பாலினத் திருமண மசோதா நேற்று மக்களவையில் நிறைவேறியது. எதிர்த்து நான்கே பேர். மசோதாவைக் கொண்டுவந்தவர் டீன் ஸ்மித், மேற்கு ஆஸ்திரேலிய லிபரல் செனட்டர், பழமைவாதி, கிறிஸ்தவர், தன்பால் ஈர்ப்பாளர். ஒரே ஆளிடம் இந்த நாலும் இருக்கலாம் என்பதைச் சில சபைகளில் சொல்லிப் பார்க்க ஆசை. ‘இல்லை’ பக்கம் நின்ற முன்னாள் பிரதமர் டோனி அபட்டின் தொகுதி 75% ஆம் போட்டது. அவர் ஓட்டெடுப்பில் கலந்துகொள்ளவில்லை.

“இனி நம் சபை ஐயர் கல்யாணம் நடத்த மறுத்தால் ஜெயிலா?” இதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். இல்லை. எந்தத் திருமணத்தையும் நடத்தியே ஆக வேண்டும் என்று குருவைக் கட்டாயப்படுத்த முடியாது என்பது பழைய சட்டத்தின் 47ஆம் பிரிவிலேயே இருந்தது. புதிய சட்டம் அதை இன்னும் விரிவாக எழுதியிருக்கிறது. கோயில் கட்டடத்தை வாடகைக்குக் கொடுக்க மறுக்கவும் முடியும்.

ஆனால் செப்டம்பரில் நான் எழுதியதோடு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சபையை மட்டும் பேசினேன், பள்ளிக்கூடத்தையும் விடுதியையும் முதியோர் இல்லத்தையும் பேசவில்லை. ‘இல்லை’ போட்டவர்களில் பலருக்கு உண்மையான பயம் அங்கேதான். சட்டத்தில் அதற்குப் பதில் இல்லை. அதைப் பார்க்க முன்னாள் அமைச்சர் ஃபிலிப் ரடக் தலைமையில் ஒரு குழு போட்டிருக்கிறார்கள்.

7 செப்டம்பர் 2018

யாரோ இந்த இழையை மறுபடி தூசு தட்டியிருக்கிறீர்கள். காரணம் இந்திய உச்ச நீதிமன்றத்தின் நேற்றைய தீர்ப்பு, ஒரே பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பிடி போயிற்று. “இந்தியாவில் சபைகள் என்ன செய்தன?” என்று கேள்வி. இரண்டையும் செய்தன. முந்தைய சுற்றில், 2009 டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில் கிறிஸ்தவ அமைப்புகளும் உண்டு, முஸ்லிம், இந்து அமைப்புகளோடு கைகோத்து. நாட்டில் வேறு எதற்காகவாவது அந்த மூவரும் அவ்வளவு ஒற்றுமையாக ஒரே படியேறியிருந்தால் சொல்லுங்கள். அதே நேரம் மும்பை கர்தினால் ஆஸ்வால்ட் கிரேசியஸ், திருமணத்தை ஏற்கமாட்டோம், ஆனால் அவர்களைக் குற்றவாளிகள் என்று சொல்வதும் தவறு என்று 2013இலேயே பேசினார்.

இங்கே ஜூலையில் யுனைட்டிங் சபை, திருமணத்தைப் பற்றி இரண்டு நம்பிக்கை அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதன்படி நடத்துவது என்பதை அந்தந்தக் குருவிடம் விட்டுவிட்டது. டோங்கா, கொரியச் சபைகளில் கொந்தளிப்பு. இரண்டு அறிக்கையோடு ஒரு சபை எத்தனை நாள் ஓடும் என்று கேட்கிறார்கள். சி.எஸ்.ஐ.யில் பேராயர் தேர்தல் பார்த்தவனுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

16 அக்டோபர் 2019

பேராயர் டேவிஸ் இந்த ஆண்டுக் கூட்டத்தில், திருமணத்தைப் பற்றிய கொள்கையை மாற்ற விரும்புகிறவர்கள் தயவு செய்து எங்களை விட்டுப் போய்விடுங்கள் என்றார். அவர் சொன்னது தனி ஆட்களை அல்ல என்று பிறகு விளக்கம் வந்தது. அதுவரை எங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, மகளும் அவளுடைய துணைவியும் உள்ளவர், விளக்கம் வரும்வரை காத்திருக்கவில்லை.

14 பிப்ரவரி 2022

மத பாகுபாட்டைத் தடுக்கும் சட்ட மசோதா போயிற்று. இரவு முழுக்க விவாதித்து மக்களவையில் நிறைவேற்றினார்கள். திருநர் மாணவர்களைப் பள்ளியில் இருந்து நீக்கக் கூடாது என்ற திருத்தத்துக்காக ஐந்து லிபரல்கள் தங்கள் கட்சியை எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். கடைசியில் அரசே செனட்டில் கிடப்பில் போட்டுவிட்டது.

எனக்கு இதில் மகிழ்ச்சி இல்லை. ஹிஜாப் போட்டதற்காக, சிலுவை போட்டதற்காக வேலை மறுக்கப்பட்டால் பாதுகாக்கும் தேசியச் சட்டம் இந்த நாட்டில் முழுமையாக இல்லை. அது வேண்டும். போன மாதம் பிரிஸ்பேனில் சிட்டிபாயின்ட் என்ற கிறிஸ்தவப் பள்ளி, பெற்றோரிடம் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டு, எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றதே, அதன் பிறகு யாரும் நிதானமாகப் பேசும் நிலையில் இல்லை. தன்பாலின உறவைப் பாவங்களின் பட்டியலில் வைத்த அந்தத் தாள், நம் பாதுகாப்புக்கான சட்டத்தையும் சேர்த்துப் புதைத்துவிட்டது. 2017இல் ‘இல்லை’ போட்ட என் நண்பர்கள், “அப்போதே சொன்னோமே, பள்ளிக்கூடம் வரும் என்று” என்கிறார்கள். வந்தது. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு உள்ளே இருந்து வந்தது.

6 ஏப்ரல் 2025

புதிய கேள்வி ஒன்று, ஆபர்ன் வாசகரிடம் இருந்து: ஒருவரின் பாலின ஈர்ப்பை மாற்ற முயலும் ‘சிகிச்சை’களுக்கு எதிரான நியூ சவுத் வேல்ஸ் தடைச் சட்டம் முந்தாநாள் நடைமுறைக்கு வந்துவிட்டது, இனி ரோமர் 1ஐப் பிரசங்கம் செய்யலாமா, ஒரு பிள்ளைக்காக ஜெபிக்கலாமா?

பிரசங்கம் செய்யலாம். சபையின் நம்பிக்கையைப் பொதுவாகச் சொல்வதைச் சட்டம் தொடவில்லை. ஒருவர் தானாக வந்து, “ஐயா, எனக்காக ஜெபியுங்கள், என்ன செய்வதென்று தெரியவில்லை” என்றால் ஜெபிக்கலாம். ஒரு குறிப்பிட்ட ஆளைப் பிடித்து, அவருடைய ஈர்ப்பை மாற்றவோ அடக்கவோ வேண்டும் என்று நடத்தும் ஜெபமும் உபவாசமும் ஆலோசனையும்தான் தடை. அது கிரிமினல் குற்றமாவது கடுமையான பாதிப்பு நேரும்போது. மற்றவை புகார் வாரியத்துக்குப் போகும். வாட்ஸாப்பில் சுற்றும் “வீட்டுக்குள் ஜெபித்தால் ஐந்து வருடம்” என்பது பொய், அதை இங்கே ஒட்ட வேண்டாம்.

உங்கள் சபையில் யாராவது ஒரு பையனையோ பெண்ணையோ “விடுதலை ஜெபத்துக்கு” ஊருக்கு அனுப்பத் திட்டம் போட்டால், அதற்காக ஆளை மாநிலத்துக்கு வெளியே கூட்டிப் போவதும் இந்தச் சட்டத்தில் தடை என்று அந்தப் பெற்றோரிடம் முதலில் சொல்லுங்கள். டிக்கெட் போடுவதற்கு முன்னால்.